ஆசாரி செய்த தொட்டில், அத்தை சொன்ன இலவம் மெத்தை: உள்ளே எதை விரிப்பது?

காட்பாடி மருமகள் | ஞாயிறு இரவு 10.42

வணக்கம். எனக்கு எட்டாம் மாதம். கத்திரி வெயிலுக்கு நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். வளைகாப்புக்கு அப்பா எங்கள் ஊர் ஆசாரியிடம் சொல்லி ஒரு தேக்குத் தொட்டில் செய்து கொடுத்தார். ஏணை கட்ட இந்த ஃபிளாட்டில் கொக்கி கிடையாது, சீலிங்கில் துளை போட வீட்டு ஓனர் ஒப்பவில்லை. அதனால்தான் நாலு கால் தொட்டில்.

பிரச்சினை அதன் உள்ளே என்ன போடுவது என்பதில். அத்தை இலவம் பஞ்சு மெத்தை தைக்கச் சொல்லப் போகிறார், கூடவே கடுகுத் தலையணை. சென்னையிலிருந்து நாத்தனார் ஒரு செட் அனுப்பியிருக்கிறார்: குட்டி ரஜாய், இரண்டு உருட்டுத் தலையணை, தொட்டிலைச் சுற்றிக் கட்டப் பஞ்சு வைத்த பம்பர், எல்லாவற்றிலும் ஒரே யானை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இணையத்தில் படித்தால் எதுவுமே வேண்டாம் என்கிறார்கள். அப்படியென்றால் பிள்ளையை வெறும் பலகையிலா போடுவது? யாராவது நிதானமாகச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் நிதானம் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

வெயிலூர்க்காரன் | ஞாயிறு இரவு 10.55

கத்திரியில் ரஜாயா? நாத்தனாரை மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குக் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்கச் சொல்லுங்கள். ரஜாயைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்.

ஆற்காடு பாட்டி | திங்கள் காலை 5.50

பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டிலை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள் எங்கள் பக்கம். வந்துவிட்டது, போகட்டும். காலித் தொட்டிலை மட்டும் யாரும் ஆட்டாமல் பார்த்துக்கொள் கண்ணு.

மெத்தைக்கு ஏன் இவ்வளவு யோசனை? என் நாலு பிள்ளைகளும் அவங்கப்பாவின் பழைய வேட்டியில்தான் கிடந்தார்கள். நாலாக மடித்துப் பாய் மேல் போடுவேன். நனைந்தால் உருவிவிட்டு வேறொன்று. புது வேட்டி உதவாது, விறைப்பாக இருக்கும். ஒரு வருஷமாவது கட்டித் துவைத்த வேட்டியாக வேண்டும். இப்போதே நாலைந்து வீட்டில் சொல்லி வை.

சத்துவாச்சாரி சிஸ்டர் | திங்கள் காலை 7.15

முப்பது வருடம் குழந்தைகள் வார்டில் இருந்தவள், இப்போது ஓய்வு. மெத்தைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் தொட்டிலின் பக்கவாட்டுக் கம்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். உள் நீளம், உள் அகலமும் வேண்டும். வெளி அளவு அல்ல.

காட்பாடி மருமகள் | திங்கள் காலை 9.30

கம்புகளுக்கு நடுவே மூன்றரை அங்குலம். உள் நீளம் 50 அங்குலம், உள் அகலம் 26. இதெல்லாம் எதற்கு சிஸ்டர்?

சத்துவாச்சாரி சிஸ்டர் | திங்கள் மதியம் 2.05

எதற்கென்றால், மூன்றரை அங்குலத்தில் குழந்தையின் உடம்பு நழுவிவிடும், தலை மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் இந்த இடைவெளி சுமார் 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அங்குலக் கணக்கில் இரண்டரைக்குள். ஆசாரியைக் குறை சொல்லாதீர்கள், அவர் ஜன்னல் கிராதிக் கணக்கில் அடித்திருப்பார். ஒவ்வொரு இடைவெளியிலும் ஓர் அங்குலக் கம்பு ஒன்றைக் கூடுதலாக வைக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் ஒன்றேகால் அங்குலம் மிஞ்சும். அது போதும். விளிம்பை மழுங்கச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

இனி நாத்தனாரின் செட். கம்பில் தலை இடிக்காமல் இருக்கத்தான் பம்பர் என்பார்கள். இடித்தால் ஒரு சிறு வீக்கம், ஓர் அழுகை, அவ்வளவுதான். பம்பரில் மூக்கு புதைந்தால் மூன்று மாதக் குழந்தைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெம்பு இருக்காது, அழக்கூட முடியாது. அதனால்தான் 2022இல் அமெரிக்காவில் பஞ்சு பம்பர் விற்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ரஜாய், உருட்டுத் தலையணை, பொம்மை எல்லாவற்றுக்கும் இதே காரணம். ஒரு வயது ஆகும் வரை தொட்டிலுக்குள் அழுத்தமான மெத்தை, அதில் இறுக்கமாக மாட்டிய ஒரு விரிப்பு, அதன் மேல் மல்லாந்த குழந்தை. வேறு எதுவும் வேண்டாம்.

மல்லாந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளிநாட்டுப் புத்தகங்களிலேயே குப்புறப் படுக்க வைக்கலாம் என்று இருந்தது. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் குப்புற வேண்டாம் என்றது. 1994இல் மல்லாத்திப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கியது. அதற்குப் பிறகு அங்கே தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்தில்லை, ஊசியில்லை, படுக்க வைக்கும் விதத்தை மாற்றினார்கள். பால் கக்கினால் புரையேறாதா என்று எல்லோரும் கேட்பார்கள். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கிறது, கக்கிய பால் மேலே ஏறிப் போக வேண்டும். குப்புறப் போட்டால்தான் அது தலைகீழ்.

பாலாறு | திங்கள் மதியம் 3.20

மன்னிக்க வேண்டும் சிஸ்டர். நாம் எல்லோரும் ஏணையில் வளர்ந்தவர்கள்தானே? அது தட்டையும் இல்லை, அழுத்தமும் இல்லை. என் பாட்டி பதினோரு பிள்ளை வளர்த்தவர். அமெரிக்காவில் சட்டம் போட்டால் காட்பாடியில் எதற்கு அளவெடுக்க வேண்டும்?

சத்துவாச்சாரி சிஸ்டர் | திங்கள் மாலை 4.10

நியாயமான கேள்வி தம்பி. பதினொன்றில் எத்தனை நின்றன என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறீர்களா? நான் சண்டைக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கணக்கை நாம் பிழைத்தவர்களை வைத்து மட்டும் போடுகிறோம்.

ஏணையை நான் வெறுப்பவளும் அல்ல. ஒற்றைப் பருத்திப் புடவை, காற்று புகும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஆள் இருந்ததுதான் அதன் பாதுகாப்பு. குறை எதுவென்றால் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் இடிப்பது. சின்னக் குழந்தைக்கு அது மூச்சை நெருக்கும். அழுகையை அடக்க ஏணையில் போடுங்கள், கண் அசந்ததும் தட்டையான இடத்துக்கு மாற்றுங்கள். தொட்டிலிலோ ராத்திரி குழந்தை தனியாகக் கிடக்கும், நீங்கள் பக்கத்துக் கட்டிலில் அசந்து தூங்குவீர்கள். அதனால்தான் தொட்டிலுக்கு இத்தனை அளவு.

பாலாறு | திங்கள் மாலை 4.25

சரி. ஆள் இருந்தது என்பதை ஏற்கிறேன். கயிறு பிடித்தே என் அத்தையின் பள்ளிக்கூடம் பாழானது.

குடியாத்தம் பஞ்சு | திங்கள் இரவு 9.40

மூன்று தலைமுறையாக மெத்தை தைக்கிற குடும்பம். என் வியாபாரத்துக்கே எதிராகப் பேசப் போகிறேன், வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

இலவம் பஞ்சில் தப்பே இல்லை. ஒவ்வோர் இழையும் உள்ளே காற்றுள்ள குழாய், மேலே மெழுகுப் பூச்சு போல ஒன்று இருக்கும், அதனால் தண்ணீரைக் குடிக்காது, எடையும் இருக்காது. பெரியவர்களுக்கு அதைப் போல ஒரு படுக்கை கிடையாது. ஆனால் கைக்குழந்தைக்கு அந்தக் குணமே இடைஞ்சல். மூத்திரத்தைப் பஞ்சு குடிக்காவிட்டால் அது எங்கே போகும்? இடுக்கு வழியாக இறங்கி அடித் துணியில் தங்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியைத் திருப்பினால் நெடி தூக்கும். துவைக்கவும் முடியாது, நனைத்தால் கட்டி கட்டியாகிவிடும். இரண்டாவது, புதிதாக அடைத்த இலவ மெத்தை புசுபுசு என்று இருக்கும். தலை வைத்த இடம் குழியும். சிஸ்டர் சொன்ன அழுத்தம் அதில் வராது. பருத்திப் பஞ்சு அழுத்தமாக வரும், ஆனால் ஒருமுறை ஊறினால் இரண்டு நாள் வெயிலிலும் நடுப்பகுதி காயாது.

என் கை வேலையே வேண்டும் என்றால் பஞ்சைக் குறைத்து, நெருக்கமாகக் குத்துத் தையல் போட்டு, மூன்று அங்குல உயரத்தில் பலகை மாதிரி தைத்துத் தருவேன். பட்டன், குஞ்சம் வைக்க மாட்டேன். பட்டன் வாய்க்குள் போகும், குஞ்ச நூல் சின்ன விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நிற்கும். ஆனால் மனசாட்சிப்படி சொன்னால், ரப்பர் கலந்த தேங்காய் நார்ப் பலகை மெத்தையை உங்கள் அளவுக்கு வெட்டி வாங்கி, அதற்கு ஜிப் வைத்த பருத்தி உறை போட்டுக்கொள்ளுங்கள். நார்ப் பலகையில் காற்று ஓடும், குழியாது. நாலு அங்குல உயரம் தாராளம். ஆறுக்கு மேல் போனால் குழந்தைக்கும் கம்பின் மேல் விளிம்புக்கும் உள்ள உயரம் குறைந்துபோகும்.

வாங்கும்போது உள்ளங்கையை விரித்து முழு பலத்தோடு அழுத்தி எடுங்கள். கைத்தடம் அப்படியே நின்றால் அந்த மெத்தை உங்களுக்கு இல்லை. புதிய நாருக்கும் ஃபோமுக்கும் ஒரு வாடை இருக்கும், ஒரு வாரம் உறையைக் கழற்றிவிட்டுக் காற்றோட்டத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஆற்காட்டு அம்மா பிள்ளை பிறக்கும் முன் வேண்டாம் என்கிறார், அந்த வாடைக்காகவாவது மெத்தையை முன்னாடியே வாங்க வேண்டியிருக்கிறது. வேண்டுமானால் பிரசவம் வரை எங்கள் கடையிலேயே கிடக்கட்டும்.

ராணிப்பேட்டை ரெட்டை அப்பா | செவ்வாய் காலை 6.30

அளவு விஷயத்தில் எங்கள் கதையைக் கேளுங்கள். தொட்டிலின் உள் அளவு 50க்கு 26, உங்களுடையதேதான். கடையில் ரெடிமேட் 48க்கு 24 கொடுத்து, 'தொட்டில் சைஸ் சார், எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்' என்றார்கள். நாலு பக்கமும் ஓர் அங்குலம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். மெத்தை நடுவிலேயே நிற்குமா? ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டால் மறுபக்கம் இரண்டு அங்குலப் பள்ளம். நாலாம் மாதம் பெரியவன் புரளப் பழகியபோது ஒரு விடியற்காலையில் கையும் தோளும் அந்தப் பள்ளத்தில், முகம் மெத்தையின் பக்கவாட்டில் ஒட்டிக் கிடந்தான். அழுதான், அதனால் பிழைத்தான். அன்றைக்கு என் கை நடுங்கியதில் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

மெத்தைக்கும் கம்புக்கும் நடுவே இரண்டு விரல் சேர்த்து நுழைந்தால் அந்த மெத்தை சின்னது. பள்ளத்தில் துணியைச் சுருட்டி அடைப்பது தீர்வு இல்லை, அது நகரும். அளவுக்கு வெட்டி வாங்குங்கள்.

காட்பாடி மருமகள் | செவ்வாய் இரவு 11.10

படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். ரஜாய், பம்பர் வேண்டாம் என்பதில் அவருக்கு ஏக சந்தோஷம், அது நாத்தனாரின் செட் ஆயிற்றே (தன் மகள்தான், இருந்தாலும்). இலவம் பஞ்சையும் குடியாத்தம் அண்ணன் சொன்னதால் விட்டுவிட்டார், தொழில்காரர் பேச்சுக்கு மதிப்பு. கடுகுத் தலையணையில்தான் அசைய மாட்டேன் என்கிறார். 'தலை உருண்டையாக வர வேண்டாமா? உன் வீட்டுக்காரன் தலையைப் பார், என் கடுகு வேலை' என்கிறார். தலை நன்றாகத்தான் இருக்கிறது, என்ன சொல்வது?

சத்துவாச்சாரி சிஸ்டர் | புதன் காலை 7.40

கடுகு உருளும், தலைக்கு ஏற்ற மாதிரி ஒதுங்கிக்கொடுக்கும், அந்த யோசனையை யார் கண்டார்களோ புத்திசாலிதான். ஆனால் அதுவும் தலையணைதான். கைக்குழந்தையின் கழுத்தை முன்னால் மடக்கும், முகம் திரும்பினால் பக்கத்தில் குவியும், தையல் விட்டால் கடுகு மூக்குக்கும் காதுக்கும் போகும். தலை வடிவத்துக்கு என்று விற்கிற தலையணை எதையும் பயன்படுத்த வேண்டாம் என்று 2022இல் அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறையும் எச்சரித்தது.

தலை தட்டையாகாமல் இருக்க அத்தைக்கு வேறு வேலை கொடுங்கள். ஒரு நாள் தலைமாட்டை வடக்குப் பக்கம் வைத்தால் (வடக்கு ஆகாது என்பார், சரி, கிழக்கு) மறுநாள் கால்மாட்டுப் பக்கம் மாற்றிப் போடுங்கள். குழந்தை வெளிச்சமும் ஆளும் இருக்கிற பக்கம்தான் திரும்பும், தானாகவே தலை மாறி மாறி அழுந்தும். விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு எதிரே அத்தை உட்கார்ந்து பேசட்டும். தினம் சில தடவை, முதலில் இரண்டு மூன்று நிமிஷம். கழுத்து உறுதிப்படும். பிரசவத்தில் நெருங்கி வந்த தலை பெரும்பாலும் தானாகவே சரியாகும். தட்டை கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வெயிலூர்க்காரன் | புதன் காலை 8.05

ஒரு சந்தேகம் சிஸ்டர். இங்கிலாந்தில் குழந்தை அறை 16 முதல் 20 டிகிரி இருக்க வேண்டும் என்கிறார்களே. வேலூரில் 16 டிகிரியை மார்கழி விடியலில் பார்த்தால் உண்டு. கத்திரியில் எங்கள் மொட்டை மாடி வீட்டுச் சுவரே ராத்திரி பதினோரு மணிக்குக் கொதிக்கிறது.

சத்துவாச்சாரி சிஸ்டர் | புதன் காலை 8.50

அந்த எண் அந்த ஊருக்கு. நமக்கு அதிலிருந்து வேண்டியது, குழந்தை சூடேறக் கூடாது என்பது மட்டும். மின்விசிறி ஓடட்டும், முகத்துக்கு நேராக வேண்டாம். ஏசி என்றால் என் வீட்டில் 26. கத்திரியில் கையில்லாத ஒரு மெல்லிய பருத்திச் சட்டை, லங்கோடு, போதும். தலைக்குத் தொப்பி உள்ளே வேண்டவே வேண்டாம், குழந்தையின் சூடு தலை வழியாகவும் நிறைய வெளியேறும். கை கால் ஜில்லென்று இருந்தால் பயப்படாதீர்கள், பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். மார்கழியில் குளிர்ந்தால் முழுக்கைச் சட்டையை இன்னொன்று போடுங்கள், போர்வை வேண்டாம்.

ரப்பர் ஷீட் போடுவீர்கள், தெரியும். முழுத் தொட்டிலுக்கும் போட்டால் முதுகெல்லாம் வேர்க்குரு வரும். இடுப்புக்குக் கீழே வரும் அளவு ஒரு துண்டு, அதுவும் விரிப்புக்கு அடியில், இரண்டு பக்க ஓரத்தையும் மெத்தைக்குக் கீழே செருகி. பாலிதீன் காகிதத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

ராணிப்பேட்டை ரெட்டை அப்பா | புதன் மதியம் 1.30

விரிப்பு தைப்பதில் நாங்கள் பட்டது: எலாஸ்டிக் வைத்த விரிப்பை டெய்லரிடம் தைக்கக் கொடுத்தோம். முதல் துவைப்பில் சுருங்கி, மாட்டினால் மெத்தை ஓரமெல்லாம் வளைந்து படகாகிவிட்டது. காடாத் துணியை முதலில் ராத்திரி முழுவதும் ஊறப் போட்டு, துவைத்துக் காயவைத்து, அப்புறம் வெட்டுங்கள். 50க்கு 26, உயரம் 4 என்றால் நீளத்தோடு இரண்டு பக்க உயரம் 8, அடியில் செருக இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் சேர்த்து 66. அகலம் அதே கணக்கில் 42. நாலு மூலையில் மட்டும் எலாஸ்டிக் போதாது, சுற்றிலும் ஓட்டச் சொல்லுங்கள். ஆறு விரிப்பு வேண்டும். நாங்கள் மூன்று என்று நினைத்தோம், இரண்டாம் நாளே வேட்டிக்கு வந்துவிட்டோம்.

ஆற்காடு பாட்டி | புதன் மதியம் 2.15

அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்.

வாலாஜா வசந்தி | புதன் மாலை 6.00

துவைப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, தினம் இடுப்பொடிவது அதில்தான். எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, அலசினாலும் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு, காய்ந்தால் துணி அப்பளம் மாதிரி இருக்கும். மகளுக்குக் கன்னமெல்லாம் சிவந்துபோனது. முதல் இரண்டு அலசலைப் போரிலும் கடைசி அலசலைக் குழாயில் வரும் நல்ல தண்ணீரிலும் செய்ய ஆரம்பித்தோம், அடங்கியது. சோப்பையும் பாதியாகக் குறைத்தோம். மணத்துக்கு ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், அது போட்டால் துணி ஈரத்தை உறிஞ்சுவதும் குறைகிறது.

மூத்திரத் துணியை உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள், சோப்பு அப்புறம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மஞ்சள் கறையைத் தேய்த்துத் தேய்த்து விரலைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். ஈரத்தோடு வெயிலில் விரித்தால் சாயங்காலத்துக்குள் மங்கிவிடும். நம்மூர் வெயிலால் ஆகிற ஒரே உபகாரம். ஆனால் கடையில் விற்கும் உடனே உலரும் ஷீட்டுகளை மட்டும் நிழலில் போடுங்கள், நான் மொட்டை மாடியில் போட்டு ஒரே கோடையில் அடிப்பூச்சு பொரிந்துவிட்டது. நார் மெத்தையை வாரம் ஒருமுறை உறை கழற்றிக் காலை வெயிலில் நிமிர்த்தினால் போதும், தூக்கி வந்ததும் ஆறும் வரை பிள்ளையைப் போடாதீர்கள்.

இன்னொன்று, எறும்பு. பால் வாடைக்கு வரிசை கட்டி வரும். தொட்டில் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். எறும்பு நின்றது, பத்தாம் நாள் கிண்ணத்தில் கொசுப்புழு நெளிந்தது.

சத்துவாச்சாரி சிஸ்டர் | புதன் இரவு 7.20

டெங்கு கொசுவுக்கு அந்தக் கிண்ணமே போதும். வைப்பதானால் நாலு நாளுக்கொரு முறை கொட்டி, உள்பக்கத்தை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். பகலிலும் கொசுவலை வேண்டும், அந்தக் கொசு பகலில் கடிப்பது. வலை தொங்காமல் விறைப்பாக இருக்கட்டும். எறும்புச் சாக்பீஸைத் தொட்டில் மேல் கோடு போடாதீர்கள், நாளைக்குக் குழந்தை அந்தக் கட்டையைத்தான் கடிக்கும்.

எல்லோரும் பழைய வேட்டி என்கிறீர்கள், நல்லது. அது எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே குழந்தைக்கு விரிக்கக் கூடாது. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு, ஆண் குழந்தைகளில் அதிகம். அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலினின் ஆவி பட்டாலே அவர்களுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று வீட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. உருண்டை வைத்த துணியைப் பல முறை துவைத்து, பல நாள் வெயில் காட்டினாலும் எனக்கு மனம் ஒப்பாது, வேறு வேட்டி தேடுங்கள். பூச்சிக்கு வேப்பிலையைக் காயவைத்துப் போடுங்கள்.

ஆற்காடு பாட்டி | வியாழன் காலை 5.45

இது எனக்குத் தெரியாது. என் பெட்டியில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். பேத்திக்கு ஆனியில் பிரசவம்.

காட்பாடி மருமகள் | ஏழு வாரம் கழித்து, இரவு 3.15

நேரத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பெண் குழந்தை, 2.9 கிலோ. ஆசாரி வந்து கம்பு வைத்துவிட்டுப் போனார், 'கோழிக்கூண்டு மாதிரி ஆயிடுச்சேம்மா' என்று அவருக்கு வருத்தம். குடியாத்தம் அண்ணன் வெட்டிக் கொடுத்த நார் மெத்தையில் ஒரு விரல்கூட நுழையவில்லை. விரிப்பு ஆறு, வேட்டி ஒன்பது. நேற்று ராத்திரி ஏழு தடவை மாற்றினோம்.

யானைப் பம்பரை ஹால் சோபா முதுகில் கட்டியிருக்கிறோம், நாத்தனார் வீடியோ காலில் பார்த்துவிட்டார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். கடுகுத் தலையணையை அத்தை பிரிக்கவில்லை, பூஜை அலமாரி அடியில் இருக்கிறது. நான் தூங்கியதும் எடுக்கிறாரா என்று இரண்டு நாள் பார்த்தேன், எடுக்கவில்லை. இப்போது குழந்தையைப் பாயில் குப்புறப் போட்டு எதிரே படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவது அவர் வேலை. அதில் கடுகை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

ஒரே சிக்கல், மடியில் தூங்குகிறவள் தொட்டிலில் வைத்ததும் கண் விழிக்கிறாள். ஒரு வாரமாகத் தொட்டிலில் மடித்த துணிகள்தான் படுத்திருக்கின்றன.

சத்துவாச்சாரி சிஸ்டர் | காலை 6.05

வாழ்த்துகள். துணிகளை இன்றைக்கே வெளியே எடுங்கள், அரைத் தூக்கத்தில் ஒரு ராத்திரி அதன் மேலேயே வைத்துவிடுவீர்கள். தொட்டிலில் வைக்கும்போது தலையை முதலில் வைக்காதீர்கள். பாதம், இடுப்பு, முதுகு, கடைசியில் தலை. வைத்த பிறகும் ஒரு கையை நெஞ்சில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.

காட்பாடி மருமகள் | காலை 6.50

பாதத்திலிருந்து வைத்தேன். இருபது நிமிஷம் ஆகிறது.

வெயிலூர்க்காரன் | காலை 6.52

அப்போ நீங்களும் தூங்குங்கள், ஃபோனை வையுங்கள்.